அசைன்மென்ட்டை எழுதியது யார்? வணிகக் கல்வியும் மாணவர் மனநிலையும்

2023 ஜனவரியில் அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளிப் பேராசிரியர் கிறிஸ்டியன் டெர்வீஷ், எம்.பி.ஏ. மாணவர்களுக்குத் தாம் நடத்தும் செயல்பாட்டு மேலாண்மைப் பாடத்தின் இறுதித் தேர்வுக் கேள்விகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்தார். சாட்ஜிபிடி வெளியாகி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உற்பத்தி வரிசையில் எந்த இடத்தில் வேலை தேங்குகிறது என்று கண்டுபிடிக்கும் கேள்விக்கு அது பிரமாதமாக விடை சொன்னது. பல பொருள்கள் ஒரே வரிசையில் ஓடும் சிக்கலான கேள்வியில் தடுமாறியது. ஆறாம் வகுப்புக் கணக்கில்கூடத் தப்புப் போட்டது. மொத்தத்தில் ‘பி’ அல்லது ‘பி மைனஸ்’ கொடுக்கலாம் என்றார் அவர். அதே வார்ட்டனில், அதே பருவத்தில், ஈதன் மாலிக் என்ற பேராசிரியர் தம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று விதி போட்டார். பாரிஸின் சியான்ஸ் போ பல்கலைக்கழகமோ, சொல்லாமல் கொள்ளாமல் சாட்ஜிபிடியைப் பயன்படுத்துகிறவர்களை வெளியேற்றவும் தயங்க மாட்டோம் என்று எச்சரித்தது.

ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. மாணவர்களைக் கேட்டது அதற்குப் பிறகுதான். கேட்கத் தொடங்கியதும் கருத்துக்கணிப்புகள் மழையாகக் கொட்டின. இன்று வணிகம், மேலாண்மை, வணிகவியல் மாணவர்களின் மனநிலை குறித்த ஆய்வுக் கட்டுரை வராத மாதமே இல்லை. அவற்றைத் தொடர்ந்து வாசிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் எழாமல் இருக்காது: மாணவர்கள் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பதில் சொல்கிறார்களா, தங்களுக்குக் கொடுக்கப்படும் அசைன்மென்ட்டைப் பற்றிப் பதில் சொல்கிறார்களா?

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். பிரிட்டனின் உயர்கல்விக் கொள்கை நிறுவனம் முழுநேர இளநிலை மாணவர்களிடம் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. மதிப்பெண் உள்ள வேலைக்கு ஏதாவது ஒரு விதத்தில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறோம் என்றவர்கள் 2024இல் 53 சதவீதம், 2025இல் 88 சதவீதம். ஒரே ஆண்டில் இப்படி ஒரு தாவலைக் கல்வித்துறைக் கணக்கெடுப்புகளில் காண்பது அரிது. கருவி எழுதித் தந்ததை நேரடியாகத் தங்கள் கட்டுரைக்குள் சேர்ப்பவர்கள் 18 சதவீதம் மட்டும். மற்றவர்கள் புரியாத கருத்தை விளக்கச் சொல்கிறார்கள், கட்டுரையைச் சுருக்கச் சொல்கிறார்கள், எதை எழுதலாம் என்று யோசனை கேட்கிறார்கள். ஏன் பயன்படுத்துகிறீர்கள் என்றால் நேரம் மிச்சம், தரம் கூடுகிறது என்ற இரண்டு காரணங்களும் ஏறக்குறைய சரிபாதியாக வருகின்றன. 16 நாடுகளில் 3,839 மாணவர்களிடம் டிஜிட்டல் எஜுகேஷன் கவுன்சில் 2024இல் நடத்திய கணக்கெடுப்பில் 86 சதவீதத்தினர் படிப்புக்கு இதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். அதே ஆட்களில் 58 சதவீதம் பேர், தங்களுக்கு இதில் போதிய அறிவு இல்லை என்றும் சொன்னார்கள்.

பயன்படுத்துகிறவர்கள் எல்லாம் இதைக் கொண்டாடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே பிரிட்டிஷ் கணக்கெடுப்பில், ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டப்படுவோமோ என்ற பயம் 53 சதவீதத்தினரைத் தயங்கவைக்கிறது. தப்பான தகவல் வந்துவிடுமோ என்ற கவலை 51 சதவீதத்தினருக்கு. 2023இல் ஹாங்காங்கில் பல்கலைக்கழக மாணவர்கள் 399 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்விலும் விருப்பமும் கலக்கமும் சேர்ந்தே வந்தன. தனக்கென்று ஒரு ஆசிரியர் இருப்பதுபோல் உதவுகிறது என்றார்கள். விவரம் சரிதானா, என் தகவல் பத்திரமாக இருக்குமா, என் சொந்தத் திறமை மழுங்கிவிடுமா, நாளைக்கு வேலை கிடைக்குமா என்றும் கேட்டார்கள். நாடு எதுவானாலும் பட்டியல் இதுதான். ஆகவே ‘மாணவர் மனநிலை நேர்மறையானது’ என்று முடிக்கும் கட்டுரைகள் பாதியைத்தான் சொல்கின்றன.

பாதியைச் சொல்வதற்குக் காரணம் கேள்வித்தாளிலேயே இருக்கிறது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம், ஃப்ரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, அல்லது 2003இல் வெங்கடேஷும் கூட்டாளிகளும் அதை விரித்து உருவாக்கிய மாதிரி. ஒரு கருவி பயனுள்ளது என்றும் எளிது என்றும் ஒருவர் நினைத்தால் அதைப் பயன்படுத்துவார் என்பது டேவிஸ் சொன்னதன் சாரம். அலுவலகத்தில் புதிய மென்பொருளை ஊழியர்கள் ஏற்பார்களா என்று பார்க்கப் பிறந்த மாதிரி அது. அந்த வேலைக்கு நன்றாகவே பொருந்தும். அதை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் கேள்விகள் இப்படி அமைகின்றன: ‘என் பாடவேலையை விரைவாக முடிக்க உதவுகிறது’, ‘பயன்படுத்துவது எளிதாக இருக்கிறது’, ‘எதிர்காலத்திலும் பயன்படுத்துவேன்’. ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு எண்ணைத் தட்ட வேண்டும். கூகுள் ஃபார்ம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். நேரமிருப்பவர்களும் ஆசிரியரின் மனம் கோணக் கூடாது என்று நினைப்பவர்களும் நிரப்புவார்கள். பயன் கருதுகிறவர் பயன்படுத்துகிறார் என்ற முடிவு, அழகான அம்புக்குறிப் படத்துடன் வெளியாகும்.

அலுவலக ஊழியர் ஒரு மென்பொருளால் வேலையை முடித்தால் வேலை முடிந்தது. மாணவரின் வேலை அப்படிப்பட்டதா? பத்துப் பக்க சந்தைப்படுத்தல் திட்டம் உலகத்தில் யாருக்கும் தேவையில்லை. அதைத் தயாரிக்கும்போது அவர் மண்டையில் நடப்பதுதான் தேவை. டேவிஸின் மாதிரியில் இந்த வேறுபாட்டைக் கேட்க ஒரு கட்டம் கிடையாது. போதாக்குறைக்கு, தன் பயன்பாட்டைப் பற்றிக் கேட்டால் குறைத்தும், நண்பர்களின் பயன்பாட்டைப் பற்றிக் கேட்டால் கூட்டியும் சொல்வது மாணவர் இயல்பு. நம் ஊரில் ‘எல்லாரும் போடுறாங்க சார், நான் கொஞ்சம் ஐடியாவுக்கு மட்டும்தான்’ என்ற பதிலைக் கேட்காத ஆசிரியர் யார்?

வணிகப் பாடங்களுக்கு இதில் தனி இடம் உண்டு. இங்கே எழுதச் சொல்லும் வடிவங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்ற நான்கு கட்டப் பகுப்பாய்வு, நிர்வாகச் சுருக்கம், வணிகத் திட்டம், வழக்காய்வு. இவை எல்லாமே இணையத்தில் லட்சக்கணக்கில் கிடக்கும் அச்சுகள். மொழி மாதிரிகளுக்கு இதைவிடப் பழக்கமான எழுத்து வேறு எது?

ஒரு உதாரணம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இல் வெளியிட்ட வழக்காய்வு உலகமெங்கும் மேலாண்மை வகுப்புகளில் நடத்தப்படுகிறது. ‘அரவிந்தின் வணிக மாதிரியை ஆராய்க’ என்று சாட்ஜிபிடியிடம் கேளுங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது, பணம் கட்டுகிறவர்களிடமிருந்து வரும் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கு அறுவை சிகிச்சை, மருத்துவர் ஒருவரை முடிக்கும் முன்பே அடுத்தவர் தயாராக இருக்கும் ஏற்பாடு, 1992இல் அரோலேப் வந்து கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலையை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தது என்று எல்லாம் ஒழுங்காக வரும். நான்கு கட்டமும் நிரம்பும். முப்பது மாணவர்கள் கேட்டால் முப்பது பேருக்கும் ஏறத்தாழ இதேதான் வரும். இதற்கு மதிப்பெண் போடும் ஆசிரியருக்குத் தூக்கம் வருவதில் வியப்பில்லை. ஆனால் அந்த மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து, வாடிப்பட்டியிலிருந்து பேரனோடு வந்த பாட்டி பதிவு மேசையிலிருந்து பரிசோதனை அறைக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது, எங்கே காத்திருந்தார் என்று குறித்து வந்த மாணவர் எழுதுவது வேறு. அதற்குப் பிறகு அவர் அட்டவணை போடச் செயற்கை நுண்ணறிவைக் கூப்பிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இத்தனை பொருத்தம் இருந்தும் வணிக மாணவர்கள் இதில் முந்தி நிற்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் கிளாட் கருவியில் மாணவர்கள் நடத்திய உரையாடல்களை ஆராய்ந்து 2025 ஏப்ரலில் அறிக்கை தந்தது. அமெரிக்க இளநிலைப் பட்டங்களில் 18.6 சதவீதம் வணிகத்துறையுடையவை. உரையாடல்களில் அத்துறையின் பங்கு 8.9 சதவீதம்தான். கணினி அறிவியல் பட்டங்கள் 5.4 சதவீதம், உரையாடல்களோ 36.8. நிரல் எழுதுபவர்கள் விரும்பும் கருவி என்பதால் இதில் ஒரு சாய்வு இருக்கலாம். இருந்தாலும், வணிக மாணவர்கள் என்றாலே குறுக்குவழிக்காரர்கள் என்ற பழைய முத்திரையைப் போடும் முன் யோசிக்க வைக்கும் எண் இது.

அந்த முத்திரைக்கும் ஒரு வரலாறு உண்டு. டொனால்ட் மக்கேபும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவிலும் கனடாவிலும் 32 கல்வி நிறுவனங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டு 2006இல் வெளியிட்ட ஆய்வில், முதுநிலை வணிக மாணவர்களில் 56 சதவீதம் பேர் முந்தைய கல்வியாண்டில் ஏதோ ஒரு விதத்தில் ஏமாற்றியதாக ஒப்புக்கொண்டார்கள். பிற துறை முதுநிலை மாணவர்களில் 47 சதவீதம். சாட்ஜிபிடிக்குப் பதினாறு ஆண்டு முந்தைய கணக்கு. நம் பக்கமும் கதை வேறில்லை. எம்.பி.ஏ. ப்ராஜெக்ட் என்றால் கல்லூரி வாசலில் ‘ப்ராஜெக்ட் சென்டர்’ போர்டு தொங்கும். நூறு வாடிக்கையாளர்களிடம் எடுத்ததாகச் சொல்லும் கருத்துக்கணிப்பு ஹாஸ்டல் அறையில் நள்ளிரவில் நிரம்பும். வைவாவுக்கு வரும் வெளித் தேர்வாளருக்கும் இது தெரியும். வழுவழு தாளில் பைண்டிங் செய்த அறிக்கைக்குக் காசு கொடுக்க முடிந்தவர்கள் அன்று வாங்கினார்கள்; இன்று எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தவகையில் சமத்துவம் வந்திருக்கிறது என்று ஒரு நண்பர் கிண்டலாகச் சொன்னார்.

மாணவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. எதை நாமே செய்வது, எதை வெளியே கொடுப்பது என்று முடிவெடுக்க எம்.பி.ஏ. வகுப்பில் இரண்டு ஆண்டு கற்றுக்கொடுக்கிறோம். முக்கியத் திறனை வைத்துக்கொள், மற்றதை வெளியே கொடு என்பது பாடம். அதைப் படித்தவர், அர்த்தமில்லாத அசைன்மென்ட்டை வெளியே கொடுப்பதில் என்ன அதிசயம்? எது தனக்கு முக்கியத் திறன் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் குறை.

மனநிலையைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை மிகக் கூர்மையான ஆய்வு நார்வேயிலிருந்து வந்தது. பெர்கன் நகரத்து நார்வே பொருளாதாரப் பள்ளி அந்நாட்டின் முன்னணி வணிகப் பள்ளி. அங்கே டேனியல் கார்வகால், காதலீனா ஃபிராங்கோ, சிரி ஐசக்சன் ஆகியோர் மாணவர்களிடம் வெறுமனே ‘பயன்படுத்துகிறாயா’ என்று கேட்கவில்லை. பேராசிரியர் அனுமதித்தால் என்ன செய்வாய், தடைசெய்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். மாணவிகள் மாணவர்களைவிடக் குறைவாகப் பயன்படுத்தினார்கள். அதிலும், நுழைவு மதிப்பெண்ணில் உயரத்தில் இருந்த மாணவிகள்தான் அதிகம் ஒதுங்கினார்கள். அனுமதி உண்டு என்றால் இடைவெளி பெருமளவு மறைந்தது. தடை என்றால் மாணவிகள் விட்டுவிட்டார்கள், மாணவர்கள் பலர் தொடர்ந்தார்கள்.

இதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். தடை போடும் ஆசிரியர் நேர்மையைக் காப்பதாக நினைக்கிறார். நடப்பது என்னவென்றால், விதிக்குக் கட்டுப்படுபவர் நட்டப்படுகிறார், கட்டுப்படாதவர் பழகிக்கொள்கிறார். அதே ஆய்வாளர்கள் மேலாளர்களிடமும் கேட்டபோது, இந்தக் கருவிகளில் தேர்ச்சி பெற்ற திறமையான பெண் விண்ணப்பதாரர்களுக்குக் கூடுதல் மதிப்பு இருப்பதாகத் தெரிந்தது. ஒதுங்கி நிற்பவர்கள் எவரோ, அவர்களுக்கே அது அதிகம் உதவியிருக்கும். ‘பெண்களிடம் தொழில்நுட்ப ஆர்வம் குறைவு’ என்று இதைச் சுருக்குபவர்கள் ஆய்வைப் படிக்கவில்லை. ஆர்வத்தை அல்ல, விதியை யார் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அளந்த ஆய்வு அது.

அடுத்த கேள்வி இன்னும் சங்கடமானது. உதவுகிறது என்று மாணவர் நம்புவதை நாம் நம்பலாமா? வார்ட்டனைச் சேர்ந்த ஹம்சா பஸ்தானியும் குழுவினரும் துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் சோதித்தார்கள். சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவி இருந்தபோது பயிற்சிக் கணக்குகளில் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. விடையை நேராகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவியில் அந்தச் சரிவு பெரும்பாலும் காணாமல்போனது. அந்த ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: சரிந்தவர்களுக்குத் தாங்கள் சரிந்தது தெரியவில்லை. அவர்கள் பள்ளி மாணவர்கள், பாடம் கணிதம் என்பதெல்லாம் சரி. ஆனாலும் ‘என் கற்றலை மேம்படுத்துகிறது’ என்ற கேள்விக்கு ஐந்துக்கு நான்கு தட்டுகிற பல்கலைக்கழக மாணவரின் பதிலை இதற்குப் பிறகு எப்படி அப்படியே எடுத்துக்கொள்வது?

வேலை செய்யும் பெரியவர்களும் இதில் தப்பவில்லை. பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் ஆலோசகர்கள் 758 பேரை வைத்து 2023இல் நடந்த ஆய்வில், கருவிக்கு ஏற்ற வேலைகளில் அவர்கள் 25 சதவீதம் வேகமாகவும், 40 சதவீதம் கூடுதல் தரத்தோடும் முடித்தார்கள். கருவியின் எல்லைக்கு அப்பால் வேண்டுமென்றே அமைக்கப்பட்ட ஒரு வேலையில், கருவியைப் பயன்படுத்தியவர்கள் சரியான விடையை எட்டுவது 19 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. எல்லை எங்கே இருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது. அனுபவமுள்ள ஆலோசகருக்கே இந்த நிலை என்றால் இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

புதுமை யோசனைகளிலும் இப்படித்தான். வார்ட்டனில் கல்லூரி மாணவர்களுக்கான 50 டாலருக்குக் குறைந்த விலைப் பொருளை யோசிக்கும் வேலையில் மாணவர்களும் ஜிபிடி-4உம் மோதினார்கள். தலைசிறந்த 40 யோசனைகளில் 35 இயந்திரத்துடையவை. பிறகு வந்த ஆய்வில் இயந்திரத்தின் யோசனைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதும் தெரிந்தது. ஒரு மாணவருக்கு லாபம், வகுப்புக்கு மொத்தமாக நட்டம்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுவும் மனநிலையின் பகுதி. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கண்டறியும் கருவி, இயந்திர எழுத்தில் 26 சதவீதத்தை மட்டுமே பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்றது. 2023 ஜூலையில் அதை அவர்களே திரும்பப் பெற்றார்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அடுத்த மாதமே எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் டர்னிட்டின் மென்பொருளின் கண்டறியும் வசதியை நிறுத்தியது. நூற்றுக்கு ஒன்று தப்பானாலும், ஆண்டுக்கு 75,000 கட்டுரைகள் வரும் இடத்தில் 750 பேர் வீண்பழி சுமப்பார்கள் என்பது அதன் கணக்கு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபெல் கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று குறிக்கப்பட்டன.

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஆங்கிலத்தில் பி.பி.ஏ. படிக்க வரும் பிள்ளைக்கு இது நேரடியாக உறைக்கும் செய்தி. அவள் கணக்கியலில் கெட்டி. இருப்புநிலைக் குறிப்பில் எது எங்கே உதைக்கிறது என்று சொல்லிவிடுவாள். அதை ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதச் சொன்னால் கை நடுங்கும். தான் யோசித்ததைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து தட்டி, ‘சரியான இங்கிலீஷில் மாற்று’ என்று கேட்கிறாள். அவளே எழுதினால் எளிய சொற்கள், குறுகிய வாக்கியங்கள், கருவி சந்தேகப்படும். மாற்றி வாங்கினாலும் சந்தேகப்படும். இவளையும், தலைப்பை மட்டும் கொடுத்து முழுக் கட்டுரையை வாங்கியவனையும் ஒரே கட்டத்தில் ‘பயன்படுத்துபவர்’ என்று அடைக்கும் கேள்வித்தாளுக்கு என்ன பொருள்?

விதி எல்லாருக்கும் ஒன்றா என்ற கேள்வியும் மாணவர்களிடம் கனன்றுகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்த மாணவி ஒருவர், தம் பேராசிரியரின் நிறுவன நடத்தைப் பாடக் குறிப்புகளில் சாட்ஜிபிடியின் தடயங்களைக் கண்டுபிடித்தார். அனுமதியில்லாமல் மாணவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று அந்தப் பாடத்திட்டமே சொல்லியிருந்தது. அந்தப் பாடத்துக்குக் கட்டிய 8,000 டாலருக்கும் மேற்பட்ட கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்தது. 2025இல் இது செய்தியானபோது மாணவர்கள் பலர் அவர் பக்கம் பேசினார்கள். கட்டணம் கட்டியவர் கேட்கத்தானே செய்வார்?

பல்கலைக்கழகங்கள் மெல்ல வழிக்கு வருகின்றன. சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீட்டை இரண்டு தடங்களாகப் பிரித்திருக்கிறது. ஒன்றில் நேர் கண்காணிப்பு. மாணவருக்குத் தெரிகிறதா என்று அங்கே பார்ப்பார்கள். மற்றதில் கருவிகளுக்குத் தடையில்லை. இரண்டுக்கும் நடுவே ‘கொஞ்சம் பயன்படுத்தலாம்’ என்று யாராலும் சரிபார்க்க முடியாத விதி போடுவதைவிட இது நேர்மையானது என்பது என் எண்ணம். செலவு பிடிக்கும் என்பதையும் மறுக்க முடியாது. அறுபது பேர் வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிட வாய்மொழித் தேர்வு வைத்தாலே பத்து மணி நேரம்.

வேலைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு 2025 அக்டோபர் செய்தி ஒன்று போதும். ஆஸ்திரேலிய அரசுத் துறைக்கு டெலாய்ட் ஆலோசனை நிறுவனம் தயாரித்த சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் மதிப்புள்ள அறிக்கையில், இல்லாத ஆய்வுகளும் பொய்யான மேற்கோளும் இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. தயாரிப்பில் செயற்கை நுண்ணறிவு பயன்பட்டதை ஒப்புக்கொண்ட நிறுவனம், கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. பிழையைக் கண்டுபிடித்தவர் அந்தத் துறையை ஆழமாக அறிந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர்.

நம் கல்லூரிகளில் அடுத்த கருத்துக்கணிப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ‘பயன்படுத்துகிறீர்களா’ என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். விடை தெரிந்த கேள்வி அது. கடைசியாகச் சமர்ப்பித்த ஒரு அசைன்மென்ட்டைக் கையில் கொடுத்து, எந்தப் பகுதியை நீங்களே செய்தீர்கள், எதைக் கருவியிடம் விட்டீர்கள், ஏன் என்று கேளுங்கள். கூகுள் ஃபார்மில் வேண்டாம். இருபது பேரே போதும், நேரில் உட்கார்ந்து, தமிழிலேயே கேளுங்கள்.